இடது கதவு

தொழில்களில் புழங்கும் சொற்களை நம் விமர்சனம் இன்னும் பொருட்படுத்தத் தொடங்கவில்லை. வண்டிக் கதவுகளின் மின்பூட்டைப் பற்றிப் பேசும்போது எலக்ட்ரீஷியன்கள் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்கிறார்கள். எஜமான், அடிமை. டிரைவர் பக்கத்துக் கதவில் இருப்பது மாஸ்டர், ஐந்து வயர். இரண்டு, மோட்டாரை ஓட்ட. மூன்று, அந்தக் கதவில் பூட்டுவதையும் திறப்பதையும் கண்ட்ரோல் பெட்டிக்குச் சொல்ல. மறுபக்கத்து ஸ்லேவுக்கு இரண்டே வயர். அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. மின்சாரம் ஒரு திசையில் வந்தால் பூட்டும்; திசை மாறி வந்தால் திறக்கும். ஒரு நொடிகூட நீடிக்காத துடிப்பு.

என் பெரியப்பா மகன் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றும் பழைய பிக்கப் வண்டியில் இடது கதவு பூட்டாமல் போயிற்று. உக்கடத்தில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். மோட்டார் போய்விட்டது, புதுசு போட்டுவிடு என்றார் அண்ணன். அவர் பதில் சொல்லாமல் டோர் பேடைக் கழற்றினார். பிளாஸ்டிக் தாளை உரித்தார். மோட்டாரின் இரண்டு வயரையும் பிரித்து பாட்டரியில் நேராகத் தொட்டார். கம்பி இறங்கியது. மாற்றித் தொட்டார், ஏறியது. மோட்டாரில் குறையில்லை. வண்டியிலிருந்து வரும் வயர்களில் டெஸ்ட் லாம்பை மாட்டி, வலது கதவின் குமிழை அழுத்தச் சொன்னார். விளக்கு எரியவில்லை.

கீலுக்குப் பக்கத்தில், கதவுக்கும் தூணுக்கும் இடையே, வயர்கள் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகின்றன. கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கேதான் மடங்குகின்றன. குழாயை இழுத்து ஒரு வயரைப் பிடித்தார்; ரப்பரைப் போல நீண்டது. மேலுறை முழுசாக இருந்தது; உள்ளே செம்பு அறுந்திருந்தது. கொஞ்சம் தளர்வு விட்டுப் புது வயர் சேர்த்து, மடங்கும் இடத்துக்கு வெளியே ஒட்டுகளைத் தள்ளிப் பற்றவைத்தார்.

கதவு திறந்து கிடக்கும்போதே கேட்டார்: "ஏனுங்ண்ணா, இந்தப் பக்கமும் அஞ்சு வயரே போட்டுரலாங்களா? எந்தக் கதவுல இருந்தும் பூட்டலாம், திறக்கலாம்."

"அந்தப் பக்கம் லோடுமேன் உக்கார்றது தம்பி. அவனுக்கெதுக்கு அது?"

லோடுமேன் அங்கேதான் நின்றிருந்தார், டோர் பேடைக் கையில் பிடித்துக்கொண்டு.

அண்ணன் கடுமையாகச் சொல்லவில்லை. செலவுக் கணக்காகச் சொன்னார். அதுதான் விஷயம். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட ஜி. டி. நாயுடுவின் பூமி இது. எந்த இயந்திரத்தையும் அவிழ்த்துப் பார்க்கத் தயங்காதவர்கள் நாம். டீக்கடைகளில் தனித் தம்ளர் வைத்திருந்தவர்களும் நாமே. அந்த ஏற்பாட்டை அவிழ்த்துப் பார்க்க மட்டும் நமக்கு ஸ்குரூடிரைவர் கிடைக்கவில்லை. மேலுறை முழுசாக இருப்பதால் உள்ளே எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறோம்.

ஐந்து வயர் போடவில்லை. இரண்டே வயர்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். மோட்டாரின் கம்பி, ஏற்கனவே இருந்த பூட்டுக் கம்பியோடு ஒரு கிளிப்பால் இணைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உட்கார்ந்திருப்பவர் குமிழைக் கையால் தூக்கினால் இடது கதவு திறக்கும். இது யாரும் காட்டிய பெருந்தன்மை அல்ல. பூட்டு முதலில் கைக்காகவே செய்யப்பட்டது; ஆணை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.