சேற்றின் மூச்சும் செவ்வாயின் காற்றும்

பிச்சாவரத்துக் கழிகளில் படகேறிச் செல்வோர் சுரபுன்னை வேர்களின் பின்னலைக் கண்டு வியப்பர். படகோட்டி கோலைச் சேற்றில் ஊன்றி எடுக்கையில் நீரின் மேல் எழுந்து உடையும் சிறு குமிழிகளைக் கவனிப்போர் மிகச் சிலரே. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இக்காட்டில் உதிரும் இலைகள் சேற்றில் புதைந்து மக்குகின்றன. காற்றுப் புகாத அவ்விடத்தில் வாழும் நுண்ணுயிர்களுள் ஒருவகை, மீத்தேன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றது. (சேற்றில் வீசும் அழுகிய முட்டை நாற்றம் இதனுடையது அன்று; அது கந்தகம் கலந்த வேறொரு வாயு. மீத்தேனுக்கு மணமே கிடையாது.) நன்னீர் வந்து கலக்கும் இடங்களில் இது மிகுதி; உவர் ஏறிய இடங்களில் குறைவு. வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் புகைபோக்கிபோல் நின்று இதனை மேலே கடத்துவதையும் ஆய்வாளர் அளந்து கண்டுள்ளனர்.

இதே வாயுவைத் தேடித்தான் நம் நாடு செவ்வாய்க் கோளுக்கு ஒரு கருவியை அனுப்பிற்று. 2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அங்கிருந்து வானொலி அலை நம்மை வந்தடைய அன்று 12 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அப்பணியை வழிநடத்தியவர்களுள் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையும், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணனும் நம்மவர்கள். செலவு 450 கோடி ரூபாய். ஐந்து கருவிகளுள் ஒன்று, மூன்று கிலோ எடைகூட இல்லாத மீத்தேன் உணரி.

ஏன் மீத்தேன்? செவ்வாயின் காற்று நம் காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கும் இல்லாத மெல்லிய போர்வை. அதில் 95 விழுக்காடு கரியமில வாயு. அங்கே மீத்தேன் கலந்தால் சூரிய ஒளி அதனைச் சில நூறு ஆண்டுகளில் சிதைத்துவிடும். ஆகவே இன்று அது காணப்படுமாயின், அண்மையில் ஏதோ ஒன்று அதனை ஈன்றிருக்க வேண்டும். நம் சேற்றில் உள்ளது போன்ற நுண்ணுயிராக இருக்கலாம். நீரும் சிலவகைப் பாறையும் வினைபுரிந்ததாகவும் இருக்கலாம். பாறையும் மீத்தேனைத் தரும் என்பதைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

"செவ்வாயில் உயிர் இருக்கிறதாமே, சாமி! மங்கள்யான் கண்டுபிடித்துவிட்டதா?" என்று நம் பங்கின் ஆசிரியர் ஒருவர் வினவினார். இல்லை என்பதே விடை. அந்த உணரியால் மீத்தேனின் தடத்தைக் கரியமில வாயுவின் தடத்திலிருந்து பிரித்தறிய இயலவில்லை என்று 2016இல் வெளியாயிற்று. பின்னர் அது செவ்வாயின் நிலம் எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்புகிறது என வரைபடமிடப் பயன்பட்டது. ஆறு மாதத்துக்கென அனுப்பிய கலமோ 2022 வரை உழைத்தது. வெற்றியைக் கொண்டாடிய நாம் இந்தக் குறையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது நம் எண்ணம். சொல்வதால் அவ்வெற்றி சிறுத்துவிடாது.

ஆசை, கண்ணை முந்திவிடும் இயல்புடையது. 1877இல் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு வாய்க்கால்கள் என்றார். பிச்சாவரத்தில் வாய்க்கால் வெட்டுவதுபோல் அங்கும் எவரோ வெட்டினர் எனப் பலர் நம்பினர். 1965இல் மாரினர் 4 அனுப்பிய படங்களில் வாய்க்கால் இல்லை, பள்ளங்களே இருந்தன.

மீத்தேன் வழக்கோ இன்னும் முடியவில்லை. கேல் பள்ளத்தில் 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, நூறு கோடிப் பங்கில் அரைப் பங்குக்கும் குறைவான மீத்தேனைப் பன்முறை கண்டது. 2019 ஜூனில் ஒருமுறை 21 பங்கு கண்டது. ஆனால் 2018 முதல் வானிலிருந்து அளந்த ஐரோப்பியக் கலம், அதில் பத்திலொரு பங்குகூடக் காணவில்லை. ஊர்தி பெரும்பாலும் இரவில் அளக்கிறது. கலமோ சூரிய ஒளியில் அளக்கிறது. இரவில் தரையோரம் தேங்கும் வாயு பகலில் கலைந்துவிடுகிறதோ என்பர் சிலர். ஊர்தியே தன்னுடன் கொண்டுசென்ற வாயுவோ என்று ஐயுறுவோரும் உளர்.