கானும் கடலும்

மலையிற் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டு என்று நண்பர் ஒருவர் கேட்டார். வினா நியாயமானதே. ஹாலி-எலைக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றின் லயத்திற் பிறந்த நான், பத்தொன்பது வயதுவரை கடலைக் கண்டதில்லை. எனினும், கடல் எங்கள் காம்பராவுக்கு வந்துகொண்டேயிருந்தது. சம்பள நாளிற் பதுளைக் கடைத்தெருவிலிருந்து காகிதத்திற் சுற்றி வரும் நெத்தலிக் கருவாடாக வந்தது. கொழுந்து பறித்துக் களைத்து வரும் அம்மாவுக்கு மலிவாகக் கிடைத்த புலால் உணவு அதுவே.

அப்பாயிக்குக் கடல் வேறொன்றாக இருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக, எழுபதுகளில் அவருடைய அக்கா குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்பாயி பதுளைப் புகையிரத நிலையம்வரை சென்று வழியனுப்பினார். தலைமன்னாரிற் கப்பலேறிய அக்கா திரும்பவில்லை. தாம் பாராத கடலை அப்பாயி அந்தப் பிரிவின் பெயராகவே அறிந்திருந்தார்.

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ என்னும் கப்பல் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக்கமிலமும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் அவற்றுள் அடங்கும். ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. நீர்கொழும்புக் கரையில் வெண்மணிகள் பனிபோலக் குவிந்தன. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. மீனவர் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மக்கள் மீனை வாங்க அஞ்சினர். எங்கள் தோட்டத்துக் கடையிலும் கருவாடு விலைபோகாது கிடந்தது.

“கடலு நஞ்சாப் போச்சாமே தம்பி?” என்று அப்பாயி கேட்டார்.

“அது கொழும்புப் பக்கம் அப்பாயி” என்றேன்.

“கடலுல ஏதுடா பக்கம்? எங்க அக்கா போன கடலும் அதுதானே.”

அவ்வார்த்தைக்கு அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. குற்றம் முழுவதையும் கப்பலின் மீதே சுமத்தி அமைதியடைந்தேன்.

அந்த அமைதியைக் குலைத்தது, பின்னர் ஒரு மார்கழி மாதத்தில், பல்கலைக்கழக நண்பர்களோடு மூதூருக்குச் சென்ற பயணம். கொட்டியாரக் குடாவைக் கண்டதும் திகைத்தேன். நீலக் கடலை எதிர்பார்த்திருந்த என் கண்முன், மகாவலி கலக்கும் பக்கமெல்லாம் செம்மண் நிறம் விரிந்திருந்தது. அந்நிறத்தை நான் அறிவேன். மழைக்காலத்தில் எங்கள் லயத்தின் பின்னால் ஓடும் ஓடையின் நிறம் அது.

எங்கள் ஓடை பதுளு ஓயாவிற் சேர்கின்றது. பதுளு ஓயா நகரைக் கடந்து, துன்ஹிந்தையில் 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து, மகாவலியோடு கலக்கின்றது. மாணிக்க கங்கையும் கிரிந்தி ஓயாவும் ஊவா மலைகளிலிருந்தே தென்கடலுக்கு இறங்குகின்றன. நாம் கடலுக்குத் தொலைவிலுள்ளவர் அல்லர். அதன் தலைமாட்டில் இருப்பவர்.

காட்டை அழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்ட காலந்தொட்டு இம்மலைகள் மண்ணை இழந்து வருகின்றன. இழந்த மண் யாவும் கடலை அடைவதில்லை. உமா ஓயா கொண்டுவரும் வண்டலால் ரந்தம்பை நீர்த்தேக்கம் தூர்ந்து வருவதே அதற்குச் சான்று. ஆயின், நுண்ணிய வண்டலும், உரத்தின் எச்சமும், மிதக்கும் பொலித்தீனும் கடல்வரை செல்லவல்லவை. கலங்கிய நீர் ஒளியை மறைக்க, ஒளியின்றி வாழமாட்டாத முருகைக்கற்களும் கடற்புற்களும் நலிகின்றன. உரம் மிகுந்தால் பாசி பெருகி அவற்றை மூடிவிடுகின்றது. மீன்குஞ்சுகள் வளரும் தொட்டில்கள் இவ்வாறு அழிந்தபின், வலையில் மீன் குறைவதில் வியப்பென்ன?

என் தந்தையார் கான் வெட்டும் தொழிலாளி. மலைச்சரிவின் குறுக்கே கான் எடுத்து, இடைக்கிடையே மண்ணை அணைபோல விட்டுக் குழி தோண்டுவார். மழைநீர் குழியிலே தங்கும். மண் அங்கே படியும். படிந்த மண்ணை மீண்டும் தேயிலையின் அடியில் இடுவர். இப்போது எங்கள் தோட்டத்திற் பல கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. ஆட்களும் குறைந்துவிட்டனர், கான் வெட்டுவதைச் செலவாகக் காணும் கண்களே மிகுதி.

குப்பையின் கதையும் இதுவே. லயத்துக் குப்பை ஓடைக்குப் போவது எம்மவர் அறியாமையால் மட்டும் என்று கூறுவது அநீதி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவை வழங்கத் தடை இருந்தது. அது திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டிலேயே. குப்பை வண்டி வாராத இடத்தில் ஓடையே வண்டியாயிற்று.

கடலைக் காக்க நாட்டில் முயற்சிகள் இல்லாமலில்லை. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி மீன்பிடி 2017இற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. எரிந்த கப்பலுக்காக நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் வளத் தொழினுட்பம் பட்டப் பாடமாகவே உண்டு. இவையனைத்தும் போற்றத்தக்கவை. ஆயினும், கப்பலுக்கு வழக்குத் தொடரலாம். தூர்ந்த கானுக்கு எவர் மீது வழக்குத் தொடர்வது? பூங்காவின் எல்லையிற் காவலரை நிறுத்தலாம். ஆற்றிலே வரும் மண்ணை அவர் எவ்வாறு தடுப்பார்?

ஆகவே, கடல் காக்கும் திட்டத்தின் முதற்பக்கத்தில் மலைக்கும் இடம் வேண்டும் என்பது என் துணிபு. கான் வெட்டுபவனின் கூலியும், லயத்துக்கு வரவேண்டிய குப்பை வண்டியும், சரிவிலே நடவேண்டிய மானாப் புல்லும் கடலுக்கான செலவுகளே. இதைச் சொல்லுதற்கு மலையிற் பிறந்தவனுக்கு உரிமை உண்டா என்று கேட்ட நண்பருக்கு என் விடை இதுவே: உரிமை இருக்கட்டும், எனக்குக் கடமை இருக்கின்றது.

விடுமுறையில் வீடு சென்றபோது, கொட்டியாரத்திற் கண்டதைத் தந்தையாரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை, பெரட்டுக்குப் போகுமுன், மண்வெட்டியை எடுத்துச் சென்று, லயத்தின் பின்னால் தூர்ந்து கிடந்த கானைத் தூர்வாரத் தொடங்கினார். நானும் உடன் சென்றேன்.