ஆட்சேபணை இல்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்ட வார்த்தை ‘நோ அப்ஜெக்‌ஷன்’. கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கி ‘சரி, செய்யுங்கள்’ என்று ஒருபோதும் எழுதாது. டெண்டர் ஆவணம் போனாலும், ஒப்பந்ததாரர் பெயர் போனாலும் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்றுதான் பதில் வரும். நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் ‘நாங்கள் செய்யச் சொல்லவில்லையே’ என்று சொல்லிக்கொள்ளலாம். அலுவலகத்தில் அதை வினைச்சொல்லாகவே ஆக்கியிருந்தார்கள். “அந்த பேக்கேஜுக்கு என்.ஓ. ஆயிடுச்சா?” “இன்னும் ஆகல சார், திங்கட்கிழமைக்குள்ள ஆயிடும்.”

எனக்கு அப்போது 25 வயது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஒரு கன்சல்டன்சியில் சமூகப் பாதுகாப்பு உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி. பாதாள சாக்கடைத் திட்டம். எங்கெல்லாம் பள்ளம் தோண்டப்போகிறார்களோ, எங்கெல்லாம் பம்பிங் ஸ்டேஷன் வருகிறதோ, அங்கெல்லாம் போய்க் கூட்டம் போட்டு, ஜனங்கள் சொல்வதைக் கேட்டு, அதை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் என் வேலை. வருகைப் பதிவில் கையெழுத்து வாங்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். போட்டோவில் பெண்கள் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்.

இப்படி ஒரு வேலை ஏன் இருக்கிறது என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கடன் கொடுத்தது. நர்மதைப் பள்ளத்தாக்கு ஜனங்கள் விடவில்லை. 1992இல் வங்கியே நியமித்த மோர்ஸ் குழு, இடம்பெயர்க்கப்படுகிற மக்கள் விஷயத்தில் வங்கி தன்னுடைய விதிகளையே மதிக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. மறு வருடம் மீதிக் கடனை இந்தியா வேண்டாம் என்றது. அதே 1993இல், பாதிக்கப்பட்டவர்கள் நேராக வந்து முறையிட வங்கிக்குள்ளேயே ஓர் ஆய்வுக் குழு உருவானது. பிறகு மற்ற வங்கிகளும் அதே மாதிரி ஏற்பாடுகளைச் செய்தன. ‘பாதிக்கப்படுவோரிடம் கலந்து பேசினீர்களா?’ என்ற கட்டம் ஒவ்வொரு படிவத்திலும் இத்தனை அழுத்தமாக வந்து உட்கார்ந்ததில், ஆற்றங்கரையில் உட்கார்ந்து போராடிய அந்த ஜனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் வாங்கிய சம்பளம் ஒருவகையில் அவர்கள் போட்ட சோறு.

அந்த ஊரில் மூன்று திட்டங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. குடிதண்ணீருக்கு ஒரு வெளிநாட்டு நிதி, சாக்கடைக்கு இன்னொன்று, குப்பைக் கிடங்கைச் சரிசெய்ய வேறொன்று. மூன்றுக்கும் மூன்று படிவம், மூன்று கன்சல்டன்ட், மூன்று ‘மிஷன்’. மிஷன் என்றால் வங்கிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவது. ஒரே கமிஷனர்தான் மூன்று மிஷனுக்கும் பொன்னாடை போர்த்த வேண்டும். இந்தக் கூத்தெல்லாம் உலகம் முழுக்க நடக்கிறது என்பதால்தான் 2005இல் பாரிஸில் கூடி ஒரு பிரகடனம் போட்டார்கள். உதவி கொடுக்கும் நாடுகள் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும், வாங்கும் நாட்டின் வழிமுறைகளையே பயன்படுத்த வேண்டும், ஒரே வேலையை ஆளாளுக்குத் தனித்தனியாகச் செய்யக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல பிரகடனம். எங்கள் ஊர்க் கடைத்தெருவை ஆடி மாதம் குடிதண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள். ஐப்பசியில் தார் போட்டார்கள். தை மாதம் நாங்கள் போய்ச் சாக்கடைக்காகத் தோண்டினோம். பாத்திரக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “உங்க ரெண்டு வெள்ளைக்காரனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்மா?”

ஜனங்களுக்குப் புரியவைக்கக் கஷ்டமாக இருந்தது காசு வரும் பாதைதான். ‘வெளிநாட்டு உதவி’ என்று மைக்கில் சொல்வோம். உண்மையில் அது கடன். வங்கி டெல்லிக்குக் கொடுக்கும், டெல்லி மாநிலத்துக்குத் தரும், மாநிலம் நகராட்சிக்குக் கொஞ்சம் மானியமாகவும் கொஞ்சம் கடனாகவும் பிரித்துத் தரும். நகராட்சி அதைச் சொத்து வரியிலும், வீட்டு இணைப்புக்கு வாங்கும் டெபாசிட்டிலும், மாதக் கட்டணத்திலும் தேற்ற வேண்டும். கடைசியில் கட்டப்போவது கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான். ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார்: “உதவின்னு சொல்றீங்களே, உதவின்னா திருப்பிக் கொடுக்க வேணாம்லா?” எல்லோரும் சிரித்தார்கள். ஏ.இ. சாரும் சிரித்தார்.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பேர் வேண்டாம். ஐம்பது வயதுக்குள் இருக்கும். நகராட்சிப் பள்ளியில் சத்துணவுக்கு உதவியாளர். ஊரின் வடகிழக்கு ஓரத்தில் ஓடையை ஒட்டிய தெரு. மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். எங்களுடைய மூன்றாவது பம்பிங் ஸ்டேஷன் அந்தத் தெருமுனையில்தான் வருவதாக டி.பி.ஆரில் இருந்தது.

ஏன் அங்கே? காரணம் சுத்தமான பொறியியல். சாக்கடை தானாக ஓட வேண்டும் என்றால் குழாய் சரிவாகப் போக வேண்டும். சரிவாகப் போகப் போக ஆழம் கூடும். ஆழம் கூடினால் தோண்டும் செலவு எகிறும். அதனால் ஊரின் தாழ்வான இடத்தில் ஒரு கிணறு வெட்டி, எல்லாவற்றையும் அங்கே சேர்த்து, மோட்டார் வைத்து மேலே ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவார்கள். “புவியீர்ப்பு விசைக்கு சாதி கிடையாதும்மா,” என்றார் ஏ.இ. சார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. ஆனால் ஊரின் தாழ்வான இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் புவியீர்ப்பு விசை முடிவு செய்யவில்லை. மேட்டில் இடம் கிடைக்காதவர்கள் பள்ளத்தில் இருந்தார்கள். பள்ளத்தில் இருந்ததால் ஊர்ச் சாக்கடை அங்கே வந்தது.

சத்துணவுக் கூடத்தில் கூட்டம். 41 பேர். அக்கா எழுந்தார்.

“ஊர்ல உள்ள அத்தன வீட்டு பீயும் எங்க தெருவுக்குத்தான் வந்து சேரணுமா? எங்க அய்யா காலத்துல எங்களத்தான் தலையில சுமக்க விட்டீங்க. இப்ப கொழா போட்டு நேரா வீட்டு வாசலுக்கே கொண்டாறீங்க. எங்களுக்கு வேண்டாம். வேற எடம் பாருங்க.”

கூடத்தில் சத்தமே இல்லை. கவுன்சிலர் எழுந்து, ‘அரசாங்க வேலை, நல்லதுக்குத்தான் செய்வாங்க’ என்று பேசி முடித்தார். வருகைப் பதிவு சுற்றி வந்தது. 41 கையெழுத்து. அக்காவும் போட்டார்.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து நான் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இதுதான்: ‘துர்நாற்றம் குறித்துப் பங்கேற்பாளர்கள் சிலர் கவலை தெரிவித்தனர். தணிப்பு நடவடிக்கைகள் விளக்கப்பட்டன. திட்டத்துக்குப் பொதுவான ஆதரவு காணப்பட்டது.’

யாரும் என்னை இப்படி எழுதச் சொல்லவில்லை. முந்தைய அறிக்கைகளைப் பார்த்துப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். ‘பீ’ என்பதற்கு அந்த ஆங்கிலத்தில் இடம் இல்லை. ‘எங்க அய்யா காலத்துல’ என்பதற்குக் கட்டம் இல்லை. ‘வேண்டாம்’ என்பது ‘கவலை’ ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மிஷன் வந்தது. வங்கி ஆள் நல்லவர். வெயிலில் நடந்தார், இளநீர் குடித்தார், தெருமுனையில் நின்று “இங்கே யாரிடமாவது பேசலாமா?” என்று கேட்டார். அக்காவே வந்தார். சொன்னதையே திரும்பச் சொன்னார், இன்னும் நீளமாக. ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியிருப்பார். நான் மொழிபெயர்த்தது ஒரு வரி. “நாற்றம் வருமோ என்று பயப்படுகிறார்.”

அவர் என்னைப் பார்த்தார். “அவ்வளவுதான் சொன்னாரா?”

பின்னால் டீம் லீடர், ஏ.இ. சார், கமிஷனர் மூவரும் நின்றிருந்தார்கள். என் கான்ட்ராக்ட் மார்ச்சில் முடிகிறது. “ஆமாம்,” என்றேன்.

வண்டி ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டார். “பாப்பா, நான் சொன்னத அப்படியே சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்க்கா.”

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் ஆலோசகராக வருவார். டீ குடிக்கும்போது ஆலந்தூர் கதையைச் சொல்வார். சென்னைக்குப் பக்கத்தில் அப்போது தனி நகராட்சியாக இருந்த ஊர். 1990களின் பிற்பகுதியில் பாதாள சாக்கடை போட முடிவு செய்தார்கள். திட்டம் சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சித் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. ஒவ்வொரு வீடும் இணைப்புக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும் என்றார்கள். குழி தோண்டும் முன்பே. குடியிருப்போர் சங்கங்களோடு தெருத்தெருவாகக் கூட்டம். ஜனங்கள் கட்டினார்கள், கோடிக்கணக்கில் சேர்ந்தது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் கடன் கொடுத்தது. 1988இல் உலக வங்கிக் கடனில் ஆரம்பித்த ஒரு நிதிதான் 1996இல் அந்த நிதியமாக மாறியது. அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் ஒரு திட்டம் தொழில்நுட்ப ஆலோசனை தந்தது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தினார்கள். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் உதாரணமாக வந்துவிட்ட ஊர் அது.

“ஏன் சார் அங்க மட்டும் நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“ரசீதும்மா,” என்றார். “5,000 ரூபா ரசீது கையில இருக்குறவன் சும்மா இருப்பானா? குழாய் எத்தன அடி ஆழம்னு வந்து எட்டிப் பாப்பான். ஏன் லேட்டுன்னு கேப்பான். வெளிநாட்டுப் பணம் வந்தா யாரும் கேக்க மாட்டாங்க. சொந்தப் பணம்னா கேப்பாங்க.”

அதில் நிறைய உண்மை இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு வேறொன்று தோன்றியது. அக்காவின் கையில் 5,000 ரூபாய் ரசீது இல்லை. அவர் கொடுத்தது ஒரு கையெழுத்து. ‘வந்திருந்தேன்’ என்பதற்கான கையெழுத்தை நாங்கள் ‘சம்மதம்’ என்று வரவு வைத்துக்கொண்டோம். கேள்வி கேட்க ரசீது வேண்டும் என்றால், ரசீது வாங்க முடியாதவர்களின் கேள்வியை யார் எழுதிக்கொள்வது? அதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

அந்த வாரமே ஒரு காரியம் செய்தேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் எழுதிய தமிழ்க் குறிப்பு நோட்டு என்னிடம் இருந்தது. அக்கா பேசியது அதில் அப்படியே இருந்தது. அந்த இரண்டு பக்கத்தை ஸ்கேன் செய்து அறிக்கையின் இணைப்பில் சேர்த்தேன். டீம் லீடர் பார்த்துவிட்டு, “பேங்க்ல தமிழ் யாரு படிக்கப்போறா? இருந்துட்டுப் போகட்டும்,” என்றார்.

நான்கு மாதம் கழித்து வங்கியிலிருந்து ஒரு மெயில். ‘இணைப்பில் உள்ள கையெழுத்துப் பிரதியின் மொழிபெயர்ப்பு தேவை.’ யாரோ ஒருவர் கடைசிப் பக்கம் வரை புரட்டியிருக்கிறார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ‘பீ’க்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதையே போட்டேன்.

பம்பிங் ஸ்டேஷன் இடம் மாறவில்லை. மாற்றினால் ஆழமும் செலவும் எவ்வளவு கூடும் என்று ஏ.இ. சார் கணக்குப் போட்டுக் காட்டினார், கணக்கு சரியாகத்தான் இருந்தது. கிணற்றை மூடி நாற்றத்தைக் கட்டுப்படுத்த ஒரு கருவி, கரண்ட் போனால் கழிவுநீர் வழிந்து தெருவுக்கு வராமல் இருக்க ஜெனரேட்டர், சுற்றுச்சுவர், மரங்கள். இவையெல்லாம் மதிப்பீட்டில் சேர்ந்தன. வங்கியிலிருந்து ‘நோ அப்ஜெக்‌ஷன்’ வந்தது. மார்ச்சில் என் கான்ட்ராக்ட் முடிந்தது.

ஏழு வருடம் கழித்து, போன வருடம், ஒரு கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போனேன். மனது கேட்கவில்லை, ஓடைத்தெருவுக்கு நடந்தேன். மரங்கள் வளர்ந்திருந்தன. மோட்டார் சத்தம் லேசாக. நாற்றம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. டீ போட்டார். “வாட அவ்வளவா இல்ல பாப்பா. கரண்ட் போயி, டீசல் இல்லன்னாத்தான்,” என்றார். பிறகு வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பழைய செப்டிக் டேங்க், உடைந்த மூடி மேல் ஒரு பலகை.

“எங்க தெருவுக்கு இன்னும் கனெக்‌ஷன் குடுக்கல. சந்து சின்னதா இருக்காம், மிஷினு நொழையாதாம். பட்டா இல்லாதவங்களுக்கு அப்புறம் பாக்கலாமாம். ஊரு பூராவும் எங்க வாசல் வழியாப் போகுது. எங்களுக்கு மட்டும் டேங்க் லாரிதான்.”

என் நோட்டின் பக்கங்களை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். நாற்றம் பற்றிக் கேட்டோம், சத்தம் பற்றிக் கேட்டோம், தூசி பற்றிக் கேட்டோம். ‘உங்கள் வீட்டுக்கு இணைப்பு எப்போது வேண்டும்?’ என்று நாங்கள் கேட்கவே இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. திட்டத்துக்கென்று ஒரு குறைதீர் பதிவேடு இருந்தது. திட்டம் முடிந்ததும் அதையும் மூடிவிட்டார்கள்.

“அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னத நான் அந்த ஆள்கிட்ட சொல்லல,” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும். நான் அவ்வளவு பேசினேன், நீ ஒரு வார்த்த பேசின,” என்றார். அப்புறம், “திங்கக்கெழம கலெக்டராபீஸ்ல மனு வாங்குவாக. எழுதித் தாறியா? நான் சொல்லச் சொல்ல எழுதணும். நீயா எதையும் மாத்தக் கூடாது.”

ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன். திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, நாலு பக்கம் எழுதினேன். 23 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், இந்த முறை மனுவிலேயே. மனு எண் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதை அக்கா ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை போன் செய்து கேட்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.