கணபதியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கணபதி. இரும்பு வார்ப்படச் சாலைகளும், பம்புகளும் இயந்திர உறுப்புகளும் செய்யும் பட்டறைகளும் மலிந்த பேட்டை. இவ்வூரார் நேரத்தின் அருமையை அறிந்தவர்கள். ஆகவே, சென்னைக்குச் செல்ல உகந்தது ஆகாய விமானமா, ரயில் வண்டியா என்னும் விவாதம் இங்கே ஓய்வதில்லை. அதில் நாமும் சற்றுக் கலந்துகொள்வோம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பீளமேட்டு விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர்தான். ரயில் பாதையோ ஏறக்குறைய 500 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் ஏன் மிகுந்தது? சென்னையையும் மேற்குக் கடற்கரைப் பேப்பூரையும் 1862-ல் இணைத்த அந்தப் பாதை, சேலத்துக்கு அப்பால் ஜவ்வாது மலையைக் கடக்க முயலாமல் வடக்கே விலகி, ஜோலார்ப்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றிச் செல்கிறது. பறவைக்கு அந்தக் கவலை இல்லை. நேர்கோடு வரைந்தால் அது பவானி, சேலம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களை ஒட்டியே போகும்.

இனி நேரக் கணக்கு. ஜெட் விமானம் உயரே சென்றதும் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்லது. அவ்விதமாயின் அரை மணியில் சென்னை வந்துவிட வேண்டும் அல்லவா? ஆனால் கால அட்டவணையோ ஒரு மணிக்கு மேலேயே சொல்லுகிறது. தரையில் ஊர்ந்து ஓடுதளத்தை அடையவும், மேலே ஏறவும், வேகம் தணிந்து இறங்கவும், சென்னை வானில் தன் முறைக்குக் காத்திருக்கவும் மீதி நேரம் கரைந்துவிடுகிறது.

அதுவும் முழுக் கணக்கன்று. கணபதியிலிருந்து பீளமேட்டுக்கு அரை மணி. சோதனைகளுக்காக முன்கூட்டிச் சென்று காத்திருக்க ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி மூட்டை முடிச்சுகளுடன் மயிலாப்பூரை எட்ட மற்றுமொரு மணி. ஆக, நாலரை மணி நேரம் ஆகிவிடும். 2023-ல் தொடங்கிய வந்தே பாரத் ரயில் ஆறு மணிக்குச் சற்றுக் குறைவாகவே ஓடுகிறது. இரு முனைகளிலும் ஊருக்குள் சென்று வரும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி. விமானத்தால் நமக்கு மிஞ்சுவது ஏறத்தாழ இரண்டரை மணிதான்.

இந்த இரண்டரை மணி அற்பமானதா? உல்லாசப் பிரயாணிக்கு அற்பமே. சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தாயைப் பார்க்க விரையும் மகனுக்கோ அது விலை மதிப்பற்றது.

ஆனால் இந்த நேரத்துக்கு வேறொரு விலையும் உண்டு. 1940-ல் தொடங்கிய பீளமேட்டு நிலையத்தின் ஓடுதளம் இப்போது மூன்று கிலோமீட்டர் அளவுதான். பெரிய விமானங்களுக்கு அது போதாதென்று, விஸ்தரிப்புக்காக 600 ஏக்கருக்கு மேல் நிலம் தேவையாயிற்று. நிலம் எடுக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. அத்தனை காலமும் அங்குள்ள குடும்பங்கள் நிலத்தை விற்கவும் இயலாமல், வீட்டை எடுத்துக் கட்டவும் துணியாமல் தவித்தன. நாம் மிச்சப்படுத்தும் மணிகளை எண்ணும்போது, அவர்கள் காத்திருந்த ஆண்டுகளையும் அதே ஏட்டில் எழுதிக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு.