மாமன் மடியும் பதுளைக் கோச்சியும்

மகள் வத்தளையிலிருந்து போன் எடுத்தாள். பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது. இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு பண்டாரவளைக்கு வருகிறார்களாம். "அம்மா, குட்டிய எங்கெங்க கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். சரியான்னு சொல்லுங்க."

லிஸ்டில் முதலில் லிப்டன் சீட். தம்பேத்தன்ன ஸ்டோரிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும். வெயில் கொஞ்சம் ஏறியதும் மூட்டம் வந்து மூடிவிடும். பிறகு அங்கே தெரிவதெல்லாம் வெள்ளை. அதை வத்தளை வீட்டுச் சுவரிலேயே குட்டிக்குக் காட்டிவிடலாம். இரண்டாவது, ஹப்புத்தளை அடிசம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல்மாளிகை, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அடக்கமாக நடந்து பார்க்க வேண்டிய இடம். தன் பிள்ளையின் தொண்டையை மகள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மூன்றாவது, எல்ல ஒன்பது கண் பாலம். ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோச்சிக்குக் காத்து நிற்கும் இடம்.

அவள் நான்காவதைச் சொல்லும்போது நான் கேட்கவில்லை. பாலம் என்றதும் 1972க்குப் போய்விட்டேன்.

பூனாகலை ரோட்டில் ஒரு தோட்டம். பத்துக் காம்பரா லயம், எங்களுடையது தொங்கல் காம்பரா. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஒன்று. ஒரு வயதுப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அப்போது யாரும் யாரையும் கேட்டதில்லை. அவன் தினமும் போய்வரும் இடம் ஒன்று இருந்தது. பிள்ளைக்காம்பரா.

விடியுமுன் அம்மா அவனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்குவாள். முதுகில் கூடை, இடுப்பில் பிள்ளை, இடுப்பைச் சுற்றி ஈரம் காயாத படங்கு. ஆயம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பெரட்டுக்களத்துக்கு ஓடுவாள். திரும்பிப் பார்த்தால் அவன் விழித்துக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை. உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பாலும் மூத்திரமும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாடை. அந்த வாடை இன்றும் எங்கேனும் அடித்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். பத்து மணி வாக்கில் பால் கொடுக்க மலையிலிருந்து தாய்மார் வருவார்கள். கொழுந்துப் பால் கறுத்துப்போன விரல்களைப் படங்கில் துடைத்துக்கொண்டே வந்து மடியில் போட்டுக்கொள்வார்கள். பிள்ளை பாதி குடிக்கும்போதே மனம் மலைக்குப் போய்விடும், நிரைக்குப் போகப் பிந்தினால் கங்காணி சத்தம்போடுவார். பகலில் இன்னொரு முறை. அவ்வளவுதான். அந்தி கறுக்கும்போது அம்மா வந்து தூக்கினால், அவன் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பான்.

ஆயம்மா நல்லவர். ஆனால் இருபது பிள்ளைகளுக்கு அவருக்கு இருந்தது ஒரே இடுப்பு.

அந்த வருஷம் மாமாவுக்கு இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. மாமா அம்மாவின் ஒரே தம்பி, பதுளைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் இருந்தார். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்ததில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கில் மாமா அங்கே, நாங்கள் இங்கே. பெட்டியில் போட்ட மனு அப்படி விழுந்தது. அம்மாவுக்கு உடனே வந்த கவலை வேறு. தம்பிக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி கப்பல் ஏறிவிட்டால் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது?

முதலில் நினைத்தது கதிர்காமம். மாணிக்க கங்கையில் குளிப்பாட்டி, மொட்டை போட்டு, காதும் குத்திவிடுவதென்று நேர்த்தி. வெல்லவாய, தணமல்வில, திஸ்ஸ என்று சுற்றிப் போக லொறிக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அப்பா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். ஒரு கை விரல் மடிந்து முடியுமுன் கதிர்காமம் அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது. சரி, பதுளைக்கே போவோம், கடைவீதியில் பத்தர் இருக்கிறார் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் ஞாயிறு லீவு திரும்பி வந்து அப்போது ஒரு வருஷம்தான். 1966 முதல் போயாவை ஒட்டியே வார லீவு ஓடிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் ரொட்டி சுட்டுக் கட்டச்சம்பலோடு வாழையிலையில் கட்டியாயிற்று. தம்பிக்கு ஒரு போத்தலில் வெந்நீர், ஒரு டப்பாவில் மாவு, மாற்றுத்துணி நாலு. அம்மா கூடை இல்லாமல் நடந்து நான் பார்த்தது எப்போதாவதுதான். அன்று பச்சைச் சேலை கட்டி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டில் நிமிர்ந்து நடந்தாள். இறக்கிவிடவே இல்லை. நான் கேட்டேன், அப்பா கேட்டார், கொடுக்கவில்லை. "இருக்கட்டும், இன்னைக்குத்தான புள்ள எங்கிட்ட இருக்கான்" என்றாள்.

பண்டாரவளைக்கு ரயில் 1894இல் வந்தது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். இருபது மைலுக்கு முப்பது வருஷம். அந்த இருபது மைலில் ஒருமுறை போனால் காரணம் விளங்கும். கினிகம, ஹீல்ஓயா, கித்தல்எல்ல, எல்ல. மலையைக் குடைந்தும் வளைந்தும், நாலாயிரம் அடியிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நெருக்கித் தள்ளி உட்கார்ந்தோம். சுரங்கத்துக்குள் போனதும் பெட்டி முழுக்க ஊளையிட்டது. தம்பி முதலாவது சுரங்கத்தில் வீறிட்டான். இரண்டாவதில் அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மூன்றாவதில் அவனே ஊளையிட்டான்.

எல்லயைத் தாண்டியதும் அந்தப் பாலம். 1921இல் கட்டி முடித்தது, இரும்பே போடாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்று எங்களுக்கு அதற்கு ஒரு பெயரும் கிடையாது. அப்பா காட்ட விரும்பியது அடுத்ததை. தெமோதரை ஸ்டேசனை விட்டுக் கிளம்பிய கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றிச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது, மேலே விரலை நீட்டி, "இப்ப நின்னமே, அந்த ஸ்டேசன் நம்ம தலைக்கு மேல இருக்கு" என்றார். தம்பியும் அண்ணாந்து பார்த்தான். இருட்டு. ஆனாலும் சிரித்தான்.

ஹாலிஎல வரும்போதே சூடு ஏறிவிட்டது. அம்மா அவன் கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். பிறகு சட்டையையும்.

காது குத்திய கதை சின்னது. மாமா மடி, வாயில் சீனி, பத்தரின் கம்பி, ஒரு அலறல், இன்னொரு அலறல். மாமாவின் வேட்டி நனைந்துவிட்டது. அவர் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் வாய்ப்பனும் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பின் முத்தியங்கனை விகாரைப் பக்கம் நடந்தோம் என்று நினைக்கிறேன். அங்கே எனக்குச் செருப்பு கடித்தது மட்டும்தான் நிச்சயமாக நினைவிருக்கிறது.

திரும்பும் கோச்சியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி அவள் மேல் படுத்துத் தூங்கினான். அடுத்த மாசம் மாமா அதே பதுளை ஸ்டேசனில் ஏறினார். ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் ஆட்கள் பெயர் வைத்தது அந்தப் பயணத்துக்குத்தான். பண்டாரவளையில் நின்ற கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகத் தம்பியின் காதைத் தொட்டுப் பார்த்து, "புண்ணு ஆறிருச்சு" என்றார். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு கூடலூர். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் மறுபடியும் அதே தேயிலை. அம்மா அவரைத் திரும்பப் பார்க்கவில்லை. 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று.

அந்த நாளைப் பற்றித் தம்பிக்கு ஒன்றும் நினைவில்லை. பாலமும் இல்லை, சுரங்கமும் இல்லை, மாமாவும் இல்லை. ஒரு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போவது பெரியவர்களுக்காகத்தான் என்று மகள் சொல்லக்கூடும். அவளிடம் ஒன்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வத்தளையில் அவள் காலை ஏழு மணிக்குக் குட்டியை டேகேரில் விட்டு, இருட்டிய பிறகுதான் எடுக்கிறாள். கூடைதான் இல்லை.

"அம்மா, கேக்குதா? எங்க போகலாம்?"

"ஒண்ணும் வேணாம். காலைக் கோச்சியில பதுளைக்குப் போவோம். குட்டிக்குக் காதும் குத்திரலாம்."

"மடிக்கு அண்ணன் தோகாவுல இல்ல இருக்கான்?"

அவள் கேட்டதும் சரிதான். தம்பிக்குப் போன் போட்டேன். ஹாலிஎலயில் ஆட்டோ ஓட்டுகிறான்; ஐம்பது தாண்டிவிட்டது, காதுத் துளை எப்போதோ தூர்ந்துபோயிற்று. மகளுக்குத் தாய்மாமன், அவள் பிள்ளைக்கும் ஆகட்டும். வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேசனுக்கு வந்துவிடுகிறேன் என்றான்.

மகளுக்குச் சொன்னது இரண்டே விஷயம். வண்டியில் பிள்ளையை யாரிடமும் கொடுக்காதே, நீயே வைத்துக்கொள். கம்பளித் தொப்பி ஒன்று எடுத்து வை, ஹாலிஎல வரைக்கும் தேவைப்படும்.