வடு சொன்ன சாட்சி

"கண்ணால் கண்டதைச் சொல்வதில் என்ன கஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நண்பர்களே, நானும் அப்படிக் கேட்டவன்தான். சென்ற குளிர்கால விடுமுறையில் சகாரன்பூரில் மூன்று நாள் தங்கிய பிறகு, அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை.

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் நண்பனின் ஊர் அது. மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் போன நகரம். தச்சர் வீட்டுப் பிள்ளையான நான் கடைவீதியை விட்டு நகர மனமின்றி நின்றேன். "இதைவிட நல்ல வேலை எங்கள் வீட்டில் இருக்கிறது, வா" என்று இழுத்துச் சென்றான் நண்பன்.

எண்பதைத் தாண்டிய அவன் தாத்தா இரும்பு அலமாரியிலிருந்து ஒரு பழைய ரைபிளை எடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டிய பிறகே என் கையில் தந்தார். அமெரிக்காவில் நியூஹேவன் நகரில் செய்த வின்செஸ்டர். 1892-ஆம் ஆண்டு மாடல். அவருடைய தந்தை வைத்திருந்தது. கட்டையின் கழுத்திலும் முன்பக்கத்திலும் நெருக்கமான கீறல்கள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடி, இடையே சின்னஞ்சிறு வைரங்கள் எழுந்து நின்றன. கை வழுக்காமலிருக்கச் செய்யும் வேலை அது, செக்கரிங் என்பார்கள்.

"கம்பெனியிலேயே தனியாகச் சொல்லிச் செய்தது" என்றார் பெரியவர். உரிமம் பெற்ற ஒருவர் அதை நம்பி நல்ல விலை பேசியிருந்தார். பணம் நண்பனின் தங்கையுடைய படிப்புக்கு. "நீ மரம் அறிந்தவன். பார்த்துச் சொல், பேட்டா" என்றார்.

அந்த மாடலில் சாதாரண ரைபிள்கள் வழவழப்பான அக்ரூட் கட்டையோடுதான் வெளிவந்தன. கூடுதல் பணம் கட்டிக் கேட்டவர்களுக்கு மட்டுமே செக்கரிங். எனவே பெரியவர் சொன்னது நடக்கக் கூடியதே. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

சில கீறல்கள் ஓரக்கோட்டைத் தாண்டி ஓடியிருந்தன. அது மட்டும் போதாது. கம்பெனித் தொழிலாளியின் கையும் சறுக்கும். இரும்பின் நீலம் கைபட்டு வெளுத்துவிட்டது, கட்டையின் விளிம்புகள் மழுங்கிவிட்டன. ஆனால் வைரங்களின் நுனி கூராகவே இருந்தது. அதுவும் முடிவாகாது, பழைய கீறலையே ஒருவர் பின்னாளில் ஆழப்படுத்தியிருக்கலாம். கடைசியாக ஒரு வடு கண்ணில் பட்டது. என்றோ எதன் மீதோ மோதி விழுந்த குழி, பாதி கீறல்களுக்கு வெளியே, பாதி உள்ளே. செதுக்கிய பிறகு அடிபட்டிருந்தால் அங்கே வைரங்கள் நசுங்கியிருக்கும், கோடுகள் நெளிந்திருக்கும். இங்கேயோ குழிக்குள்ளும் கோடுகள் நேராக இறங்கி ஏறின. வைரங்கள் முழுசாக நின்றன. முதலில் வடு, பிறகே உளி!

இரவு நண்பனிடம் சொன்னேன். "வாயைத் திறக்காதே. தாதாஜி மரியாதைக்குக் கேட்டார், நீ நீதிபதி ஆகாதே" என்றான். எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கையின் முகம் ஒருபுறம். ஒட்டுப் போட்ட பலகையை முழுப் பலகை என்று ஒருநாளும் விற்காத என் தந்தையின் முகம் மறுபுறம்.

காலையில் சொல்லிவிட்டேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் என் தந்தை பொய் சொன்னாரா?" என்றார்.

"இல்லை, தாதாஜி. கம்பெனி ரைபிள் என்று அவர் சொல்லியிருப்பார். கேட்ட பிள்ளையின் மனம் செதுக்கலையும் அதோடு சேர்த்துக்கொண்டிருக்கும்."

அவருடைய கட்டைவிரல் கீறல்களின் மேல் மெல்ல ஓடியது. "கடைசிக் காலத்தில் அவருக்கு வலக்கை நடுங்கும். பிடி வழுக்குகிறது, வழுக்குகிறது என்பார்" என்றார். பிறகு, "இந்த ஊரில் உளிக்கா பஞ்சம்!" என்று தமக்குள் சிரித்துக்கொண்டார்.

செதுக்கியது யார் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. வடுவுக்குப் பின்னர் என்பது மட்டுமே நான் அறிந்தது. பின்னால் செய்த வேலை என்பதால் அது போலியாகிவிடாது. அதை முன்னால் செய்தது என்று விற்பதே போலி. வாங்க வந்தவருக்குப் பெரியவர் தாமே தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். விலை பாதிக்குக் கீழே இறங்கியது. தங்கையின் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார்கள்.

விடுதிக்குத் திரும்பிய பின் இரண்டு வாரம் நண்பன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்னவன் நான், விலை கொடுத்தவர்கள் அவர்கள். ஒருநாள் மாலை அவனாகவே என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

"தாதாஜி உன்னை மறுபடி வரச் சொல்கிறார். பரண்மேல் ஒரு பழைய பெட்டி இருக்கிறதாம். பார்த்து உண்மையைச் சொல்லும் ஆள் வேண்டுமாம்."