கார் பார்த்த படலம்

எங்கள் கொங்கு நாட்டில் மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பல்லைப் பார்ப்பார்கள். பிறகு சுழியைப் பார்ப்பார்கள். கடைசியாக நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். விஷயம் தெரிந்த பெரியவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். மாட்டை விட்டுவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அவன் கை உயர்ந்தால் மாடு மிரள்கிறதா, அல்லது அவனை ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதில் அவர்களுக்குப் பாதி விலை தீர்மானமாகிவிடும்.

பழைய டீசல் கார் வாங்குவதற்கும் இதற்கு மேல் சாஸ்திரம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இந்த வருஷம் கருமத்தம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாத காலம் கார் பார்த்ததில் எனக்குக் கிடைத்த ஞானம் அவ்வளவுதான்.

கதை எழுதுகிறவனுக்குக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எழுத்துக்கு வேண்டியதில்லை, அம்மாவுக்கு வேண்டியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அவளுக்குக் கோயமுத்தூரில் டயாலிசிஸ். முதல் பந்தி காலை 6 மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். நாலரை மணிக்கு அவளை எழுப்பி, கிளப்பி, ஐந்து மணிக்கு அவினாசி ரோட்டில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் தவறிப்போனால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். உடம்புக்குள் தங்கிப்போகிற தண்ணீருக்கும் உப்புக்கும் நம் வீட்டு அசௌகரியங்கள் தெரியாது. இருட்டில் வாடகைக் காருக்குக் காத்து நின்ற அனுபவம் போதும் என்று ஆன பிறகுதான் சொந்தக் கார் யோசனை வந்தது. புதுக் கார் வாங்குகிற வசதி இல்லை. ஆகவே பழைய கார்.

டீசலா, பெட்ரோலா என்பதில் முதல் சண்டை. டீசல் மலிவு என்கிற எண்ணம் நம் ஜனங்களின் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. 2012-இல் அது உண்மை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலையின் மேலிருந்த கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்தது. இப்போது அந்த வித்தியாசம் பத்து ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியும் உறவுமுறைப் பயணங்களுமாக வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர். டீசல் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் பெட்ரோல் கார் 15-உம் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்றால், ஒன்றுக்கு 55,800, மற்றொன்றுக்கு 80,800. வருஷத்துக்கு 25,000 ரூபாய் மிச்சம்.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் டீசல் காரில் இஞ்செக்டர் கெட்டாலும் டர்போ கெட்டாலும் இந்த 25,000 ரூபாய் ஒரே நாளில் போய்விடும்; மேலும் கேட்கும். ஆகவே டீசலினால் வருகிற லாபம் பங்க்கில் கிடைப்பதில்லை, நல்ல இஞ்சின் கிடைத்தால் மட்டுமே கிடைக்கிறது. நல்ல இஞ்சினைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் எங்கள் மேஸ்திரி வந்து சேர்ந்தார்.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சோமனூர் ரோட்டில் சின்னப் பட்டறை. சிறு வயதில் தோட்டத்துக் கிணறுகளில் ஆயில் இஞ்சின் ரிப்பேர் பார்த்துக் கை பழகியவர். "ஏனுங்க, மத்தியானம் பார்த்தா எல்லா டீசல் வண்டியும் நல்ல வண்டிதானுங்க. வெடியால பார்க்கோணும், அதுவும் யாரும் தொடறதுக்கு முன்னால" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் டீசல் இயந்திரத்தின் முழுத் தத்துவமும் அடக்கம். பெட்ரோல் இஞ்சினுக்குப் பொறி வேண்டும்; அதற்கு ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலுக்குப் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்காக நெருக்கினால், அந்த நெருக்கத்திலேயே காற்று கொதித்துப் போகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. 1893-இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ருடால்ப் டீசல், நான்கு வருஷம் பாடுபட்டு 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒழுங்காக ஓடும் இயந்திரத்தைக் காட்டினார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய வகை இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. கொங்கு நாட்டுச் செக்கு எண்ணெயில் ஓடக்கூடிய இயந்திரம் என்று நாம் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம்!

ஆக, அந்த நெருக்கம்தான் டீசலின் உயிர். பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேய்ந்து போனால் காற்று கசிகிறது, சூடு பிறப்பதில்லை. சூடாக இருக்கும் இஞ்சின் இந்தக் குறையை மறைத்துவிடும். இராத்திரி முழுவதும் குளிர்ந்து கிடந்த இஞ்சினால் மறைக்க முடியாது. ஆகையால்தான் விற்கிறவர்கள் நாம் வருவதற்குக் கால் மணி முன்னாலேயே வண்டியைக் கிளப்பிச் சூடு பண்ணி வைக்கிறார்கள். மேஸ்திரி போனதும் முதல் காரியமாகப் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், "நாளைக்கு வரோமுங்க" என்று திரும்பிவிடுவார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட மற்றப் பரீட்சைகளையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அப்படியே மேலே வைக்க வேண்டும். மூடி குதித்தால், புகை குபுகுபுவென்று வந்தால், உள்ளே தேய்மானம். மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். டீசலில் அது சகஜம். பின்னால் வருகிற புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. அடங்காத கரும்புகை என்றால் இஞ்செக்டரோ, காற்று வடிகட்டியோ, டர்போவோ சரியில்லை. கிளப்பியதும் சற்றே வெண்புகை வந்து மறைந்தால் குற்றமில்லை, நின்றுகொண்டே வந்தால் குற்றம்.

மீட்டரை மட்டும் அவர் பார்ப்பதே இல்லை. "அது எழுதினவன் எழுத்துங்க" என்பார். அதற்குப் பதிலாகக் கிளட்ச் பெடலின் ரப்பரைப் பார்ப்பார். ஸ்டியரிங்கில் கை படும் இடத்தைத் தடவிப் பார்ப்பார். டயரின் பக்கத்தில் உள்ள நாலு எண்களைப் படிப்பார். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்த டயர். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் காரில் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால் யார் சொல்வது பொய் என்று நமக்கே தெரிந்துவிடும். மாட்டுக்குப் பல்; காருக்குப் பெடல்.

எந்த ரகம் வாங்குவது என்பதிலும் மேஸ்திரிக்குக் கொள்கை உண்டு. "பட்டறையில பாகம் கிடைக்கோணும், பத்துப் பேருக்குக் கை பழகியிருக்கோணும்." அம்பாஸடர் டீசலுக்கு அந்தக் காலத்தில் இருந்த மரியாதை இதனால்தான். 2014-இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றது. 1998 முடிவில் வந்த இண்டிகா, 2000-இல் வந்த குவாலிஸ் எல்லாம் அவர் கையில் கழன்று பூட்டப்பட்டவை. ஆனால் கடந்த பதினைந்து வருஷத்தில் அவர் அதிகம் பார்த்தது 1,248 சி.சி. கொண்ட ஃபியட்டின் 1.3 லிட்டர் இஞ்சின். இத்தாலியில் பிறந்த அது மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல வீடுகளில் வாழ்க்கைப்பட்டு, இந்தியாவின் 'தேசிய இஞ்சின்' என்றே பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. புது விதிக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சூடேற ஓடினால் கரி எரிந்து சுத்தமாகும், கடைத்தெருவுக்கு மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். எங்கள் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. ஆகவே 2020-க்கு முந்தின டிசையர் என்று முடிவாயிற்று.

கடைசியில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று கோயமுத்தூரில் ஒரு விற்பனை மைதானத்தில், டில்லி நம்பர். வெள்ளை நிறம், பளபளப்பு, மீட்டரில் 58,000. விலை இரண்டே முக்கால் லட்சம். டில்லி வட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்புறம் அந்த வழக்கு எத்தனையோ திருப்பங்கள் கண்டாலும், அங்கே விலைபோகாத கார்கள் தெற்கே வருகிற வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, மறுபதிவு என்று செலவு பின்னாலேயே வருகிறது. அதைவிடப் பெரிய குறை, அதை ஓட்டிய ஆளைப் பார்க்க வழியில்லை. மாடு இருக்கிறது, பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை!

இன்னொன்று சோமனூரில். திருப்பூர் நம்பர், 2013 மாடல், மீட்டரில் 1,38,000. விலை மூன்றே கால் லட்சம். கதவில் கீறல்கள், பின் சீட்டில் நூல் மூட்டை ஏற்றிய தடம். உடையவர் நூல் வியாபாரி. சேலத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். கண் பார்வை மங்கியதால் விற்கிறார். என் மைத்துனன், "அரை லட்சம் அதிகம் குடுத்து, இரண்டு மடங்கு ஓடுன வண்டியா மாமா?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

நாங்கள் விடியற்காலை ஐந்தரைக்குப் போய் நின்றோம். பானெட் பனியில் நனைந்திருந்தது. சாவியைத் திருப்பியதும், கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிந்து அணைந்தது. அரை வினாடியில் இஞ்சின் எழுந்துகொண்டது. மூடி குதிக்கவில்லை. நீலப் புகை இல்லை. மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது நூல் வியாபாரி உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தறிக் கணக்கு எழுதுகிற நீள நோட்டு. 2013 முதல் ஊற்றிய ஒவ்வொரு லிட்டர் டீசலும், மாற்றிய ஆயிலும், வடிகட்டியும், டயரும் தேதியோடும் கிலோமீட்டரோடும் அதில் இருந்தன. மீட்டரைத் திருப்பலாம், பன்னிரண்டு வருஷத்து மையைத் திருப்ப முடியுமா? நெடுஞ்சாலையில் ஓடிய 1,38,000, சந்து பொந்துகளில் நின்று நின்று ஓடிய 58,000-ஐ விட இஞ்சினுக்கு இலேசு என்பதும் உண்மை. அது மெய்யான 58,000-ஆக இருந்தால் கூட!

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பது போல, காகிதங்களையும் பார்த்தோம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்த நம்பரும் ஒன்றுதானா, பாங்குக் கடன் தீர்ந்து ரத்தாகியிருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று ஒவ்வொன்றாக. தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம். 2028-இல் தகுதிப் பரீட்சை கொடுத்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். 29, 30 ஆகிய படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பெயர் மாறும் வரை பழைய சொந்தக்காரருக்கும் நிம்மதி இல்லை என்பதால் அவரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்தார்.

அம்மாவிடம் கீறல்களைப் பற்றிச் சொன்னேன். "பளபளன்னு இருந்தா எனக்கென்ன கண்ணு, நேரத்துக்கு எந்திரிச்சாச் சரி" என்றாள். நம்பகம் என்கிற வார்த்தைக்கு இதைவிட நல்ல அர்த்தத்தை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

மழை பெய்த நாளிலும் மார்கழிக் குளிரிலும் கார் இதுவரை நேரத்துக்கு எழுந்திருக்கிறது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. யாரோ ஒருவர், பிற்காலத்தில் இதில் ஒரு நோயாளி போவாள் என்று தெரியாமலேயே, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை தவறாமல் ஆயில் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒழுங்கு என்பது அப்படித்தான் போலிருக்கிறது. செய்தவனைத் தாண்டி எவருக்கோ போய்ச் சேர்கிறது.

நோட்டில் அவருடைய கையெழுத்து முடிந்த வரிக்குக் கீழே இப்போது என் கையெழுத்து ஓடுகிறது. இன்னும் சில வருஷத்தில் இந்தக் கார் வேறொரு வீட்டு வாசலுக்குப் போகும். அந்த வீட்டிலும் யாராவது ஒருவர் நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கலாம். போன வாரம் ஆயில் மாற்றினேன். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.